அரை மணி நேரம் போட்டுப் பார்க்கிறவள்

பாண்டி பஜார் செருப்புக் கடையில்தான் எனக்கும் என் சிநேகிதிக்கும் முதல் சண்டை வந்தது. வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ஒரு ரப்பர் செருப்பு வாங்கத்தான் போனோம். காலில் மாட்டினாள், நாலு எட்டு நடந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து நடந்தாள். பில் போடட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். "இன்னும் அரை மணி ஆகலையே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வெளியே தீபாவளிக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது, உள்ளே இவள் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு உலாத்துகிறாள்.

"பாத்ரூம் போறதுக்கு இவ்வளவு சோதனையாடி?" என்று கத்தினேன்.

"கடையில முதல் அஞ்சு நிமிஷம் எல்லாமே நன்னாத்தான் இருக்கும். வலி அப்புறம்தான் வரும்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

அவள் மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மேற்கு மாம்பலத்துக்கு வந்தாள். நானும் அதே பேட்டைதான். அடையாறில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேஜை. தினமும் காலையில் அவள் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாக வேலைக்குப் போவேன். அப்படிப் போன வருஷங்களில் அவள் முதுகைப் பார்த்த அளவுக்கு என் புருஷன் முகத்தைக்கூட நான் பார்த்திருக்க மாட்டேன். முதுகில் ஒரு பின்னல் தொங்கும். கைப்பிடிக்கு அடங்காத தடிமன். காற்றில் அது ஆடி என் மூக்கில் அடிக்கும். தேங்காயெண்ணெய் வாசனையோடுதான் என் அலுவலக நாள் தொடங்கும்.

அரை மணி நேரம் என்பது அவளுக்குச் செருப்போடு நிற்கிற விஷயமில்லை. மூக்குக்கண்ணாடி, ரவிக்கை, நாற்காலி, எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான். மேற்கு மாம்பலத்தில் வீடு வாங்கும்போது, காலி ஹாலில் தரையில் உட்கார்ந்து, ரயில் சத்தம் எவ்வளவு வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம். வீட்டைக் காட்ட வந்த தரகர் வாசலில் நின்று கொட்டாவி விட்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து அவள் கல்யாணம். அதை அவள் வீட்டுக்காரரே என்னிடம் சொன்னார். பெண் பார்க்கப் போன அன்று, தனியாகப் பேசுங்கள் என்று இரண்டு பேரையும் பால்கனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவள், "அரை மணி என் பக்கத்துல உக்காந்துண்டு இருங்கோ. பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டாளாம். மனிதர் பாவம், எதிர்வீட்டு மொட்டைமாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். எல்லாம் கெட்டது என்று பயந்துகொண்டே எழுந்தால், இவள் உள்ளே போய்ச் சம்மதம் சொல்லியிருக்கிறாள். "என் பக்கத்துல ஒருத்தருக்குத் தூக்கம் வரதுன்னா பொருந்தறதுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாளாம். பொருந்தத்தான் செய்தது. அவ்வளவு ஒற்றுமையான தம்பதியை நான் அதிகம் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவள் நாற்பதை நெருங்கும் வயதில் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் போனாள் என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. ஊருக்கு வெளியே பந்தயத் திடலில் பெண்களுக்கு ஒரு நாள் பயிற்சி என்று யாரோ சொல்ல, வீட்டுக்காரரின் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வந்தபோது அவள் முகமே வேறாக இருந்தது.

"எப்படிடி இருந்துச்சு?" என்றேன்.

"காலங்கார்த்தாலேந்து சாயங்காலம் வரைக்கும் ஓட்டினேன். அரை மணிக்கு அப்புறமும் வலிக்கலை" என்றாள். அவள் வாயால் அதைவிடப் பெரிய பாராட்டை நான் கேட்டதில்லை.

வலிக்காமல் போனது வண்டி. ஹெல்மெட் வேறு கதை. அங்கே கடனாகக் கொடுத்த ஹெல்மெட் அவள் தலைக்குப் பெரியது. நேர்ப்பாதையில் வேகம் கூடியதும் காற்று அதை மேலே தூக்கி, வார் தொண்டையை இறுக்கியிருக்கிறது. வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்ததும் அது முன்னால் சரிந்து மூக்குக்கண்ணாடி மேல் இறங்கிவிட்டது. "ஒரு நொடி வளைவு எங்கே இருக்குன்னே தெரியலைடி. நான் ஓட்டறேன், ஆனா நான் அங்கே இல்லை" என்றாள். கையில் காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு குடிக்காமல் அதையே இரண்டு முறை சொன்னாள். அடுத்த வருஷம் புதியவர்களுக்கான பெண்கள் பந்தயத்தில் ஓட்டியே தீர்வது, அதற்குத் தனக்கென்று பொருந்துகிற ஹெல்மெட் வாங்குவது என்று அன்றைக்கே முடிவெடுத்தாள். அவள் முடிவெடுத்தால் ஆண்டவன் வந்தாலும் அசைக்க முடியாது.

அண்ணா சாலைக்குப் பின்புறம் ஹெல்மெட் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவுக்குச் சனிக்கிழமைதோறும் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஒரு கடையில் பாய் என்று எல்லோரும் கூப்பிடுகிற வயதானவர் உட்கார்ந்திருப்பார். முதல் நாள் அவர், நெருப்பு கக்கும் டிராகன் படம் போட்ட ஒரு ஹெல்மெட்டை எடுத்து வைத்தார். "லேடீஸ் நெறைய பேரு இத்தான் வாங்கிக்கினு போறாங்க மேடம்" என்றார். இவள் படத்தைப் பார்க்கவே இல்லை. புருவத்துக்கு மேலே நாடாவைச் சுற்றி அளந்து சொன்னாள். போட்டாள். வாரை இரண்டு வளையத்திலும் விட்டு இழுத்துக் கட்டினாள். பிறகு கடைக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாய், கன்னம் அமுங்கறது. அது வேணும். ஆனா நெத்தியில ஒரே இடத்துல குத்தறது."

"போவப் போவ செட் ஆயிரும்மா."

"கன்னத்துல இருக்கறது பஞ்சு. அது செட் ஆகும். நெத்தியில குத்தறது ஓடு. அது செட் ஆகாது, என் நெத்திதான் செட் ஆகணும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

அடுத்து அவள் செய்ததுதான் என் மானத்தை வாங்கியது. பந்தயத்தில் வண்டியின் டேங்க் மேல் படுத்தபடிதான் ஓட்ட வேண்டுமாம். படுத்த நிலையில் தலையை நிமிர்த்தினால் பாதை தெரிய வேண்டும், ஹெல்மெட்டின் மேல் விளிம்பு மறைக்கக் கூடாது, பின்விளிம்பு முதுகில் இடிக்கக் கூடாது. ஆகவே பாயின் கண்ணாடி மேஜை மேல் குப்புறக் கவிழ்ந்து, முழங்கையை மடக்கி, முழங்காலை ஸ்டூலில் ஊன்றிக்கொண்டு வாசலைப் பார்த்தாள். சல்வார் கமீஸ், முதுகில் பின்னல், தலையில் டிராகன். உள்ளே நுழைய வந்த இரண்டு பேர் வெளியே நின்றுவிட்டார்கள். நான் பக்கத்துக் கடையில் எதையோ விலை கேட்பதுபோல நழுவினேன்.

வாராவாரம் இதே கதைதான். ஒன்று நெற்றியில் குத்தும். ஒன்றில் மூக்குக்கண்ணாடியின் காம்பு நுழையாது. ஒன்று எல்லாம் சரியாக இருந்து, அரை மணிக்கு முன்னால் கழுத்தை வலிக்க வைக்கும். ஒவ்வொன்றையும் கழற்றியதும் கண்ணாடி முன்னால் நின்று, முகத்தில் எங்கே சிவந்திருக்கிறது என்று பார்ப்பாள். நாலைந்து வாரத்தில் பாய்க்கும் பைத்தியம் தொற்றிக்கொண்டது. அவளைக் கண்டதும் ஃபேனுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போடுவார். டீ வரவழைத்து அதில் ஒரு ஸ்ட்ராவும் போட்டுக் கொடுப்பார். அவள் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஸ்ட்ராவை விட்டு டீ உறிஞ்சுவாள்.

கடைசியில் படம் எதுவுமில்லாத ஒரு வெள்ளை ஹெல்மெட் அரை மணியைத் தாண்டியது. கன்னம் இரண்டும் ஒரே அளவில் சிவந்திருந்தது, நெற்றியில் ஒன்றுமில்லை. திரும்பப் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பின்னாடிலேந்து மேலே தள்ளு. கழண்டு முன்னாடி வரதான்னு பாரு. பலமாத் தள்ளுடி!"

இத்தனை வாரக் கடுப்பையும் சேர்த்துத் தள்ளினேன். அவள் தலை குனிந்தது, உடம்பே முன்னால் போனது, ஹெல்மெட் இம்மி நகரவில்லை. பாய் கை தட்டினார். எனக்கே சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் என் வீட்டில் சிரிப்பார்கள்.

பயிற்சி மாதாமாதம் நடந்தது. ஒரு முறை வளைவில் சறுக்கி விழுந்தாள். தலை தரையில் படவில்லை, முழங்கை எலும்பில் மட்டும் விரிசல். கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவளைப் பார்த்து அவள் அம்மா அழுத அழுகை மாடிப்படி வரைக்கும் கேட்டது. அப்பா போனபிறகு அம்மா அவளோடுதான் இருந்தார். அழுது முடித்ததும் மாமி ஒரு காரியம் செய்தார். கை சரியானால் பெண்ணின் முடியைத் திருப்பதியில் காணிக்கை கொடுப்பதாக வேண்டிக்கொண்டார். தன் முடியை அல்ல, பெண்ணின் முடியை.

"உன்னைக் கேட்டாங்களா?" என்றேன்.

"எதுக்குக் கேக்கணும்? வேண்டிண்டது அம்மா. சரியாகப்போறது என் கைதானே?" என்றாள்.

கை சரியாயிற்று. தரிசனத்துக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால் மாதக்கணக்கில் இடமில்லை. கிடைத்தது பந்தயம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை. மாமிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வேண்டுதலைப் பாக்கி வைத்துக்கொண்டு மகள் வண்டி ஏறக்கூடாது என்பது அவர் கட்சி. இவளும் ஒத்துக்கொண்டாள். "நல்லதாப் போச்சு. ஹெல்மெட்டுக்குள்ள வேர்க்காது" என்றுகூடச் சொன்னாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் வீட்டுக்காரரும் ஆட்டினார். செருப்பை அரை மணி நேரம் போட்டுப் பார்க்கிறவளுக்கு அன்று ஏன் உறைக்கவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரசாதம் வாங்கிக்கொள்ளப் போனேன். ஹால் நாற்காலியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தாள். முதுகில் பின்னல் இல்லாமல் அவளைப் பார்க்க எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாமி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னடி?" என்றேன்.

தலையை இடப்பக்கம் வெடுக்கென்று திருப்பினாள். ஹெல்மெட் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது.

"நான் திரும்பினதுக்கு அப்புறமா அது திரும்பறது" என்றாள்.

கழற்றினாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து திட்டுத்திட்டாக இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாய் கடையில் வாரக்கணக்காக உட்கார்ந்து அவள் பொருத்தம் பார்த்தது தலைக்கு மட்டுமில்லை, அந்தக் கனத்த முடிக்கும் சேர்த்து. முடி திருப்பதியில் இருக்கிறது. ஹெல்மெட் மேற்கு மாம்பலத்தில் இருக்கிறது.

அப்புறம் வீடு முழுக்க யோசனைதான். மாமி பீரோவிலிருந்து ஒரு சவுரியைக் கொண்டுவந்தார். அதைச் சுருட்டி உச்சியில் வைத்துக்கொண்டு போடச் சொன்னார். பிறகு பரண் பெட்டியிலிருந்து மார்கழிக் கச்சேரிக்கு அப்பா போட்டுக்கொண்டு போன குரங்குக் குல்லா வந்தது. அதை மாட்டி அதன்மேல் ஹெல்மெட்டைப் போட்டாள். கொஞ்சம் இறுகியது. எல்லோரும் மூச்சு விட்டோம். ஆனால் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு ஹாலில் நடந்தாள். கம்பளி வேர்த்து வழுக்கி, ஹெல்மெட் பழையபடி ஆடத் தொடங்கிவிட்டது.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்" என்றார் வீட்டுக்காரர். அவர் மேல் ஒரு பார்வை. அவ்வளவுதான், அவர் பால்கனிக்குப் போய்விட்டார்.

"பத்து நிமிஷ ரேஸுடி. அதுக்கு எதுக்கு அரை மணிக் கணக்கு?" என்றேன் நான்.

"பத்து நிமிஷத்துலதான் எல்லாரையும் விட வேகமாப் போகணும்" என்றாள்.

மாமி மெதுவாகச் சொன்னார்: "குடுத்த முடிக்குப் பெருமாள் பாத்துக்க மாட்டாரா? அவருக்குத் தெரியாதா உன் தலை?"

"பெருமாளுக்குத் தெரியும்மா. ஹெல்மெட்டுக்குத் தெரியாதே."

மாமி சவுரியையும் குல்லாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தான் வேண்டிக்கொண்டதுதான் மகளின் காலை வாரிவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை கடை திறக்கும்போதே போய் நின்றோம். பாய் அவளை அடையாளம் தெரியாமல் ஒரு கணம் பார்த்தார். பிறகு கையிலிருந்த சாவிக்கொத்தை மேஜையில் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது! முடிதானே இத்தினி நாளு ஹெல்மெட்ட புடிச்சிக்கினு இருந்துச்சு!"

அந்த ரகத்தில் ஒரு சைஸ் சின்னது வரவழைக்க மாதம் ஆகும் என்றார். தடித்த கன்னப் பஞ்சு இரண்டை எடுத்துப் பழைய ஹெல்மெட்டில் மாட்டிக் கொடுத்தார். கன்னம் பிடித்தது, உச்சி ஆடியது. வேறு ரகங்களில் சின்ன சைஸ் ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒன்று மட்டும் கச்சிதமாக இருந்தது. பாயும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அரை மணி முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, அவள் கை நெற்றிக்குப் போயிற்று. போன கையைப் பிடித்து நிறுத்தலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. வாரை அவிழ்த்துக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். நெற்றி நடுவில் சிவப்பாக ஒரு வட்டம்.

"இது இல்லை பாய்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத் திடலுக்குப் பழைய ஹெல்மெட்டோடுதான் போனோம். கன்னப் பஞ்சு இருக்கிறது, உள்ளே மெல்லிய துணிக் குல்லா ஒன்று போட்டிருந்தாள். பரிசோதிக்கிற மேஜையில் ஒருவர் ஹெல்மெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, வாரை இழுத்தார், பின்னாலிருந்து ஒரு தட்டு தட்டினார். "லேசா லூஸா இருக்கு மேடம். வாரை நல்லா டைட் பண்ணிக்கங்க. ஓகே" என்று சரி பார்த்ததற்கான ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். வரிசையில் அவளுக்குப் பின்னால் இன்னும் பலர் நின்றார்கள்.

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. "பாஸ் ஆயிட்டேடி!" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. கூடாரத்து நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். அந்த உட்காரல் எனக்குத் தெரியும். நடுநடுவே தலையைத் திருப்பிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், நாற்காலி முதுகில் மார்பை வைத்துப் படுத்து நிமிர்ந்து பார்த்தாள். மற்ற பெண்கள் வண்டிகளை முறுக்கிச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள்.

நேரம் ஆனதும் எழுந்து மேஜைக்குப் போனாள்.

"சார், ஸ்டிக்கரை எடுத்துடுங்கோ. இது எனக்குப் பொருந்தலை."

"நான்தான் ஓகே சொல்லிட்டேனே மேடம்?"

"நீங்க அரை நிமிஷம் பாத்தேள். நான் அரை மணி பாத்தேன்."

அவர் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் கோபத்தில் கண் இருட்டியது. அத்தனை சனிக்கிழமைகள், உடைந்த கை, கொடுத்த முடி. அடுத்த வருஷம் இந்தப் பந்தயம் உண்டா என்று நடத்துகிறவர்களுக்கே தெரியாது. எல்லோர் எதிரிலும் கத்திவிட்டேன். "உனக்குப் பயம்டி. அதான் நெஜம். பயத்துக்கு ஹெல்மெட்டைச் சாக்கு சொல்ற!"

"பயம்தான்" என்றாள். "இது போட்டுண்டா பயமா இருக்கு. பொருந்தினது போட்டுண்டபோ இல்லை."

பந்தயத்தை வேலி ஓரமாக நின்று பார்த்தோம். வெயிலில் மொட்டைத் தலையோடு நின்று, கடந்து போகிற ஒவ்வொருத்திக்கும் கை தட்டினாள். யாரும் விழவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கினார்கள்.

"பாத்தியா? ஒண்ணும் ஆகலை. நீயும் ஓட்டியிருக்கலாம்" என்றேன்.

"ஆமா. ஒண்ணும் ஆகியிருக்காது" என்றாள். வாதாடவே இல்லை.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் கார் ஓட்ட, பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பூந்தமல்லி வரைக்கும் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தாள். பிறகு அதை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, முகக்கண்ணாடியையும் இறக்கிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காலையில் கத்தியதெல்லாம் போன இடம் தெரியவில்லை. கத்திப்பாரா பாலம் ஏறி இறங்கி வீடு வந்து சேரும்வரை அவள் அதைக் கழற்றவில்லை.

மறுவாரமே பாய் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். மொட்டைத் தலைக்கு அளவெடுத்து, வந்ததையெல்லாம் போட்டுப் பார்த்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒன்று பொருந்தியது. அதோடு விடவில்லை. முடி வளர வளர அது இறுக்குமே? அதனால் முடியை வளர விடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டாள். விரல்கடை உயரம் வந்ததும் மிஷின் போட்டு ஒட்ட வெட்டிக்கொண்டாள். தெருவில் பேசாத வாய் இல்லை. அலுவலகத்தில் உடம்புக்கு என்ன என்று இரக்கத்தோடு விசாரித்தார்கள். மாமி மூன்று நாள் பேசவில்லை. ஒரு தடவைதான் தருவதாகச் சொன்னேன், இவள் ஆயுசுக்கும் தருகிறாளே என்று என்னிடம் வந்து அழுதார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அடுத்த மாதம் நான் போனபோது, பால்கனியில் மகளை ஸ்டூலில் உட்கார வைத்து, மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மாமிதான். "பின்கழுத்துல விட்டுட்டா அங்கே தூக்கிக் குடுக்கும்" என்று எனக்கே விளக்கம் சொன்னார்.

பழைய வெள்ளை ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தாள். அதுவரை நான் பின்சீட்டில் ஒரு பிளாஸ்டிக் சட்டியைத்தான் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவேன். "உன் மண்டை பெரிசுடி, உனக்குச் சரியா இருக்கும். அரை மணி போட்டுப் பாத்துட்டு எடுத்துக்கோ" என்றாள். போட்டுக்கொண்டு ஒரு படி அரிசி களைந்தேன், சாம்பார் கொதிக்க வைத்தேன். வலிக்கவில்லை. இப்போது அவர்கள் குடும்பத்தோடு புனேவுக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. நான் தனியாக ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு அடையாறு போகிறேன், அதே ஹெல்மெட்டில்.

அவள் ஓட்டாமல் திரும்பியதற்கு அடுத்த வருஷம் மறுபடி பந்தயம் நடந்தது. அவள் ஓட்டினாள். கடைசிக்கு இரண்டாவதாக வந்து, ஏதோ உலகத்தையே ஜெயித்ததுபோல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அது இல்லை. அதற்கு முந்தின அரை மணி நேரம்தான். பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தாள். மாமி முதல்முறையாகத் திடலுக்கு வந்திருந்தார், மடிசார் கட்டிக்கொண்டு, கையில் காப்பி பிளாஸ்க்கோடு. கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைக் கூப்பிட்டார்கள் என்று அவள் எழப்போனாள். "இன்னும் அரை மணி ஆகலை. உக்காருடி" என்றார். ஆனதும் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு மகளுக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு உள்ளங்கையாலும் ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து மேலே தள்ளினார். பலமாகத் தள்ளினார். தலை குனிந்தது, மாமியின் வளையல்கள் குலுங்கின, ஹெல்மெட் நகரவில்லை.

அவள் வண்டியில் ஏறி வரிசைக்குப் போனாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமியின் பக்கத்தில் நானும் போய் நின்றேன். பதற்றத்தில் ஏதாவது பேச வேண்டும்போல இருந்தது.

"இந்தத் தடவை என்ன மாமி வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

மாமி பாதையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணும் வேண்டிக்கலை" என்றார். "ஆட்டிப் பாத்தேன். ஆடலை."